கட்டம் காலியில்லாத பதிவேடு

அத்தியாயம் 9

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற எந்த வண்டியும் பெரம்பலூரைத் தொடாமல் போக முடியாது. அதேபோல, இன்னும் ஐந்து வருஷத்தில் இந்தியாவில் எந்தக் கம்பெனியும் பெரம்பலூரைத் தொடாமல் யோக்கியமாக இருக்க முடியாது.

இதைத் திருமுருகன் சிரிக்காமல் சொன்னான். கையில் அரை இட்லி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே சொன்னான்.

"எழுதி வச்சுக்கக்கா. கம்பெனிக்காரன் சட்டப்படி நடக்குறானா, நெறியா நடக்குறானான்னு பாக்குறதுக்குன்னே ஒரு படிப்பு. டெல்லிக்காரனே நம்மகிட்ட வந்து பாத்துட்டுப் போவான். துறைமங்கலம் தாண்டி மூணாவது ஸ்டாப்புன்னு கேட்டு வருவான்."

"நாலாவது ஸ்டாப்பு," என்றாள் மலர்கொடி. "மூணாவதுல எறங்கினா வெயில்ல நடக்கணும்."

முப்பத்திரண்டு வயதில் திருமுருகன் ஒரு துறைக்குத் தலைவன். 'நிறுவன ஒழுங்கும் நெறியும்' என்கிற ஓராண்டுப் பட்டயப் படிப்பு. துறையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லாததால் தலைமை தாங்குவதில் இதுவரை எந்தச் சிக்கலும் எழவில்லை. நர்சிங், பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி என்று வரிசையாகக் கட்டி முடித்த ராசாங்கத்தின் அறக்கட்டளை, அடுத்ததாக ஒரு சட்டப் பள்ளியையும் கட்டியிருந்தது. அதற்குள் இந்தப் படிப்பு. அனுமதி தரலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு இன்றைக்கு வருகிறது. 2006, ஜூன் 29, வியாழக்கிழமை.

அரியலூர் கொஞ்ச நாள் தனி மாவட்டமாக இருந்து பார்த்துவிட்டு மறுபடியும் பெரம்பலூரோடு வந்து ஒட்டிக்கொண்டதைப் போல, மலர்கொடியும் அவள் புருஷன் வீரமுத்துவும் கீழப்பழுவூரிலிருந்து வந்து எட்டு மாதமாக அவன் வீட்டில்தான் இருந்தார்கள். காரணம் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நாலு வரி.

போன அக்டோபர் பதினொன்றாம் தேதி, அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில், சுண்ணாம்புக்கல் போகிற பெல்ட்டில் சிக்கிய கல்லைத் தள்ளப்போன வீரமுத்துவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஆலையின் பதில் மனு இப்படிச் சொன்னது: தினமும் காலையில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது, ஓடுகிற பெல்ட்டில் கை வைக்கக் கூடாது என்று தினமும் சொல்லப்பட்டது, மனுதாரர் தினமும் கேட்டுக் கையெழுத்திட்டார், பிறகு தெரிந்தே மீறினார். ஆகவே கைக்குக் கையே பொறுப்பு.

அந்த வகுப்பு ஒருநாள்கூட நடந்ததில்லை. கையெழுத்து மட்டும் நடந்தது. மாதம் பிறந்து கேட் பாஸ் புதுப்பிக்கிற அன்றைக்கே, ஒப்பந்தத் தொழிலாளிகள் அந்த மாதத்தின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். போட்டால்தான் பாஸ். அப்படியானால் பதினொன்றாம் தேதிக்குப் பிறகும் வீரமுத்துவின் கையெழுத்து இருக்குமே, அசல் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று இவர்கள் வக்கீல் கேட்டார். அசலைக் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது. பதினொன்றாம் தேதி வரைக்குமான தட்டச்சுப் பிரதி மட்டும் தப்பித்திருந்தது.

நாளைக்குக் காலை பத்து மணிக்குத் திருச்சி தொழிலாளர் ஆபீஸில் கடைசி விசாரணை.

வீரமுத்து மூலையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். வக்கீல் ஆபீஸில் பெருவிரலை நீட்டச் சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். ஒன்பதாவது வரை படித்தவர்.

"மாமா," என்றான் திருமுருகன். "என் பாடத்திட்டத்துல உங்களுக்குத் தனியா ஒரு அத்தியாயமே வச்சிருக்கேன். நடக்காத வகுப்புக்கு முன்கூட்டியே போயிட்டு வந்த மாணவர்."

எட்டு மாதமாக இதே கிண்டல். வீரமுத்து சிரித்ததும் இல்லை, கோபித்ததும் இல்லை.

"பாஸு வேணுமில்ல மாப்ள."

"பாஸு வேணும்னா? ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'வகுப்பு நடக்கட்டும், அப்புறம் போடுறேன்'னு நின்னிருந்தா என்ன பண்ணிருப்பான்? என்னையெல்லாம் கழுத்துல கத்தி வச்சாலும் போட வைக்க முடியாது மாமா. நடக்காத ஒண்ணுக்குக் கையெழுத்து போடுறவன் கைய..."

வாக்கியம் எங்கே போகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கைய?" என்றாள் மலர்கொடி.

அவன் மிச்ச இட்லியை வாயில் போட்டுக்கொண்டான்.

"சாப்புட்டாச்சுன்னா கையக் கழுவு. பஸ்ஸ வுட்டுடப் போற."

*

கல்லூரி நூலகத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரத்து இருநூறு சட்டப் புத்தகங்கள் முளைத்திருந்தன. திருச்சியில் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து இரவல். அந்தக் கல்லூரி முத்திரையின் மேல் இந்தக் கல்லூரியின் ஸ்டிக்கர். நாளைக்குச் சாயங்காலம் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால் ஸ்டிக்கரை லேசாகத்தான் ஒட்டச் சொல்லியிருந்தார்கள்.

இரவல் வாங்குவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று திருமுருகன் தனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். தனக்குள் சொல்கிற தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பதினோரு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் அண்ணாதுரை. அதே சிமெண்ட் ஆலையின் பணியாளர் பிரிவு மேலாளர். படிப்புக்குத் தொழில் துணையாக ஆலைதான் ஒப்பந்தம் போடுகிறது. நெறி பற்றிய ஒரு படிப்பை ஆதரிக்க வேண்டிய அவசரம், பெரிய கம்பெனிகளுக்குப் புது விதிகள் வந்த பிறகு எல்லா ஆலைகளுக்கும் வந்திருந்தது.

வீரமுத்துவின் மச்சான்தான் துறைத் தலைவர் என்பது அண்ணாதுரைக்குத் தெரியாது. தாளாளர் ராசாங்கத்துக்கும் தெரியாது. கேட்டிருந்தால் திருமுருகன் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. அவன் எழுதிய பாடத்திட்டத்தின் இரண்டாம் அலகு, 'கேட்காமலே சொல்ல வேண்டிய உறவுகள்'. அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தான்.

ஜீப்பிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகள் இறங்கின.

"மாணவர்களுக்கு மாதிரிக்கு ஆவும் சார்," என்றார் அண்ணாதுரை. நல்ல மனிதர், வெள்ளைச் சட்டை. "கிளார்க்குக்கிட்டச் சொல்லிட்டேன். அடிச்சது திருத்துனது இல்லாம, ஒரு கட்டம்கூட காலி இல்லாம எந்த ரெஜிஸ்டர் இருக்கோ அதையாப் பாத்துப் பொறுக்கிக் கட்டுய்யான்னு. போன வருஷம் ஆடிட்டுக்கு வந்தவங்க கையில வச்சுப் பாத்துட்டு, இப்படி ஒரு ரெஜிஸ்டரை நாங்க பாத்ததே இல்லன்னுட்டாங்க."

"நல்லது சார்," என்றான் திருமுருகன்.

அண்ணாதுரை தாளாளர் அறைக்குக் காபி குடிக்கப் போனார். திருமுருகன் தன் அறையில் முதல் பெட்டியைப் பிரித்தான். மேலாகவே இருந்தது. பச்சை பைண்டு, சிவப்பு முதுகு. 'பாதுகாப்பு வகுப்பு வருகை, அக்டோபர் 2005'.

கரையான் அரித்த விவரத்தை யாரும் கிளார்க்கிடம் சொல்லவில்லை.

இருபத்துமூன்றாவது பெயர் வீரமுத்து, தகப்பனார் பெயர் செல்லமுத்து. எதிரே முப்பத்தொரு கட்டம். முப்பத்தொன்றிலும் கையெழுத்து. முதல் பத்து கையெழுத்துகள் நிறுத்தி நிதானமாக இருந்தன. பிறகு எழுத்து சாய்ந்தது. கடைசி ஐந்தாறு கட்டத்தில் பெயர் இல்லை, ஒரு அலை மட்டும் போயிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள்.

கை போனது பதினொன்றாம் தேதி. அதற்குப் பிறகு இருபது கட்டம்.

ஏதாவது தோன்றும் என்று திருமுருகன் காத்திருந்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்க்கிறவனைப் போல, தன்னைத் தானே தொட்டுப் பார்த்தான். மின்விசிறி சுற்றியது. ஒன்றும் தோன்றவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

"கரையான் தின்னுதுன்னு சொன்னாங்கல்ல, அந்த ரெஜிஸ்டரு. இங்க வந்துருக்கு."

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"அடுப்ப அணச்சுட்டு வரேன்," என்றாள் மலர்கொடி.

*

முக்கால் மணி நேரத்தில் வந்தாள். கையில் ஒரு டிபன் கேரியர். கல்லூரிக்குள் காரணம் இல்லாமல் எப்படி வருவது என்று எடுத்து வந்திருந்தாள். உள்ளே சோறு இல்லை.

பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அவள் நின்றபடியே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அவரு கையெழுத்துதான்."

விரலைக் கட்டத்தின் மேல் வைத்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரேஷன் கடையில் அட்டையைப் படிக்கிற மாதிரி இருந்தது.

"இது பதினொன்னு. மத்தியானம் மூணு மணிக்குச் சேதி வந்துச்சு. இது பன்னெண்டு. பெரியாஸ்பத்திரியில எடுத்தாச்சுன்னாங்க. இது பதினாலு. கண்ண முழிச்சு, கை எங்கடின்னாரு. போர்வைக்குள்ள இருக்குன்னேன். இது பதினேழு. கஞ்சி குடிச்சாரு. இது..." விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. "தீபாவளிக்கு மொத நாளு. வூட்டுக்குக் கூட்டியாந்தோம். பஸ்ஸுல கண்டக்டரு சீட்டுக் குடுக்கறான், இவரு இல்லாத கைய நீட்டுறாரு."

திருமுருகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இந்த ஒரு தாளு போதுமாடா?"

"போதும். வகுப்பே நடக்கலன்னு இது ஒண்ணே சொல்லிடும். வகுப்பு நடக்கலன்னா யாரும் சொல்லலன்னு அர்த்தம். சொல்லாதத மாமா எப்படி மீறுவாரு?"

அவள் கேரியரின் மூடியைத் திறந்தாள்.

"அக்கா, கிழிக்காத! கிழிச்சா திருட்டு. எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, அதோட போச்சு. புஸ்தகம் முழுசா இங்கயே இருக்கணும். நாளைக்கு நான் திருச்சிக்கு வரேன். கூண்டுல ஏறிச் சொல்றேன். 'இதைக் கரையான் தின்னல, எங்க காலேஜ்ல இருக்கு, நான் கண்ணால பாத்தேன்'னு. அங்கேருந்து ஆள அனுப்பி எடுத்துக்குவாங்க."

"நீ சொன்னா நம்புவாங்களா?"

"நேர்மைக்குன்னே ஒரு துறை, அதுக்குத் தலைவன் நான். நான் சொல்லி நம்பலன்னா வேற யாரு சொல்லி நம்புவாங்க?"

எட்டு மாதத்தில் அவன் பெருமை அவளுக்கு உபயோகப்பட்டது அப்போதுதான். அவள் கேரியரை மூடினாள்.

"அவருக்கு வேற ஒண்ணும் வேணாம் திரு. 'தெரிஞ்சே செஞ்சான்'னு எழுதிருக்கு பாரு, அத அடிக்கணும். ராத்திரி எழுந்து உக்காந்துக்கிட்டு, நெசமாவே எவனாவது சொல்லி நாந்தான் மறந்துட்டனாங்கிறாரு. எத்தன தடவை சொன்னாலும் திரும்பக் கேக்குறாரு."

கதவைத் தட்டாமல் ராசாங்கம் உள்ளே வந்தார்.

தாளாளர் ராசாங்கம் இதுவரை யாரையும் அதட்டியதில்லை. அதட்ட வேண்டிய இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மலர்கொடியைப் பார்த்தார்.

"யாரு சார், வீட்லேருந்தா?"

திருமுருகன் வாயைத் திறந்தான். இரண்டாம் அலகு தொண்டை வரைக்கும் வந்தது.

"சாப்பாடு கொண்டாந்தேங்க," என்றாள் மலர்கொடி. கேரியரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

ராசாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜைமேல் ஒரு நீளநோட்டை வைத்தார். ஜூன் மாதம், ஆயத்த வகுப்பு, வருகைப் பதிவு. முப்பது மாணவர் பெயர். அத்தனை கட்டத்திலும் கையெழுத்து. ஓரத்தில் டீ கறைகூட இருந்தது.

"கமிட்டி வந்தாச்சு சார். சேர்மன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. புதுப் படிப்புன்னா ஒரு மாசமாவது ஆயத்த வகுப்பு எடுத்திருக்கணுமாமே, எடுத்தீங்களான்னாரு. எடுத்துட்டோம்னுட்டேன். மாணவர் பக்கம் ஆயிடுச்சு. நம்ம பாலிடெக்னிக் பசங்கதான். நாலு கலர் பேனாவுல போட்டிருக்கானுவ, புத்திசாலிப் பசங்க. 'நடத்தியவர்'ங்கிற கட்டம்தான் பாக்கி."

"ஒரு வகுப்பும் நடக்கலையே சார்."

"நடக்கும் சார். அடுத்த மாசம் நடத்திடுவீங்க. கொஞ்சம் முன்னாடி போடுறோம், அவ்ளோதான்."

"சார், நான் எழுதின நாலாவது அலகே 'பதிவேடுகளில் உண்மை'. அதுக்கு நானே..."

"பிரமாதமான அலகு சார். சேர்மன் அதைத்தான் ரொம்பப் பாராட்டினாரு." ராசாங்கம் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "வேற எவனையாவது விட்டுப் போடச் சொல்லலாம். அது பொய்யாப் போயிடும். நீங்க போட்டா சரியா இருக்கும். உங்க மூஞ்சியப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"முடியாது சார்."

ராசாங்கம் பெட்டிகளைப் பார்த்தார்.

"அப்ப அனுமதி கிடையாது. அனுமதி இல்லன்னா ஒப்பந்தமும் கிடையாது. பாவம் அண்ணாதுரை, இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தாரு. ஜீப்பு இங்கதான் நிக்குது. பெட்டியெல்லாம் திரும்ப ஏத்திவிட்டுடலாம்."

வராந்தாவில் மலர்கொடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிக் கேரியர். ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது.

பெட்டி ஜீப்பில் ஏறினால் பச்சை பைண்டும் ஏறும். அரியலூர் போய்ச் சேர்ந்ததும், இந்தத் தடவை கரையான் சொன்ன வேலையைச் செய்யும். பெட்டி இங்கேயே இருக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். இது மாமாவுக்காக என்று திருமுருகன் நினைத்துக்கொண்டான். நினைப்பதற்கு நன்றாக இருந்தது. நினைத்துக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தான்.

தேதிகள் வரிசையாகக் கீழே இறங்கின. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நேரமும் தலைப்பும் தட்டச்சில் ஏற்கனவே இருந்தன. அவனுடைய பாடத்திட்டத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள். முதல் மூன்று வரியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை நான்காம் தேதி சிவப்பு மையால் அடித்திருந்தது, தாண்டினான். பத்துக்குப் பிறகு படிக்கவில்லை. பதினைந்துக்குப் பிறகு கை தானாகப் போனது. கையில் ஒன்றும் தெரியவில்லை. பேனா இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் குழுவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. எழுத்து சாய்ந்தது. கடைசி நாலைந்து வரியில் பெயரே இல்லாமல் ஒரு கோடு வளைந்து வளைந்து போயிற்று.

"ஆச்சா?" என்றார் ராசாங்கம். மையை ஊதினார். எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலிலேயே சேர்மன் நின்றார். சின்ன உருவம், தடித்த கண்ணாடி. நோட்டை வாங்கினார், புரட்டினார், தலையாட்டினார். அடியில் தன் சுருக்கொப்பத்தை இட்டார். உதவியாளர் முத்திரை குத்தினார்.

"தொழில் துணையும் ஒரு சாட்சி போட்டுடட்டும்," என்றார் சேர்மன்.

அண்ணாதுரை காபி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு நோட்டை வாங்கினார். கட்டம் கட்டமாகப் பார்த்தார். கட்டங்களைப் பார்ப்பது அவருக்குத் தொழில். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். திருமுருகனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மரியாதையாகச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கட்டம்கூட காலி இல்ல சார்," என்றார்.

நோட்டு உதவியாளரின் பைக்குள் போயிற்று. ஜிப் மூடியது. ராசாங்கம் திருமுருகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டிகள் அறையிலேயே இருந்தன. எல்லாம் நடந்துவிட்டது.

அந்தக் கடைசி வரியில் என்ன இருந்தது என்று அவன் அதற்குப் பிறகுதான் யோசித்தான். அடித்த ஞாயிறுகள் போக இருபத்தாறு வரி. இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. மாதத்துக்கு முப்பது நாள்.

முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை பத்து முதல் ஒன்று வரை. பெரம்பலூர். 'பதிவேடுகளில் உண்மை'. நடத்தியவர், திருமுருகன்.

குழு கார் ஏறியது. அவன் ஓடிப்போய் அந்தப் பையைக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்லிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கார் கேட்டைத் தாண்டியது. ஜீப்பும் தாண்டியது. அண்ணாதுரை உள்ளிருந்து கை காட்டினார்.

மலர்கொடி வாசலில் வந்து நின்றாள். பெட்டிகளைப் பார்த்தாள். முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஏதோ ஒன்று அசைந்தது.

"இங்கயேதான வச்சுட்டுப் போறாங்க?"

"இங்கயேதான்."

"அப்பாடி." கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "எட்டு மணி பஸ்ஸப் புடிச்சாப் பத்துக்குள்ள திருச்சி போயிடலாமில்ல? அவருகிட்ட சொல்லணும், சட்டை தேய்க்கணும். நீ எந்தச் சட்டை போட்டுக்கிட்டு வர?"

திருமுருகன் பேனாவின் மூடியைத் தேடினான். மேஜையில் இல்லை. கீழே குனிந்து தேடினான். அங்கேயும் இல்லை. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான்.

"வெள்ளச் சட்டைக்கா," என்றான் மேஜைக்கு அடியிலிருந்து.